குறைந்த செலவில் ஹெல்ப் ஃபைல்: எதை வாங்கலாம், எதை வாங்க வேண்டாம்?

கேள்வி: நானும் தம்பியும் ஈரோட்டில் ஜவுளிக் கடைகளுக்கான பில்லிங் மென்பொருள் எழுதி விற்கிறோம். விண்டோஸில் ஓடுவது, திரை முழுக்கத் தமிழ். ரிட்டர்ன் பில் எப்படிப் போடுவது, பிரின்டரை எப்படி மாற்றுவது என்று கடைக்காரர்கள் போன் செய்துகொண்டே இருக்கிறார்கள். எஃப்1 தட்டினால் அந்தந்தத் திரைக்கான விளக்கம் வர வேண்டும். பட்ஜெட் பத்தாயிரம் ரூபாய்க்குள். எந்தக் கருவியை வாங்கலாம்? பழைய சிஎச்எம் ஃபைலே போதுமா?

பதில்: இரண்டாவது கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். எதை வாங்குவது என்பதே அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

சிஎச்எம் 1997-ல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த ஹெல்ப் ஃபைல் வடிவம். அதற்கு முந்தைய எச்எல்பி ஃபைலைத் திறக்கும் வசதி விண்டோஸ் விஸ்டாவிலிருந்தே நீக்கப்பட்டுவிட்டது. சிஎச்எம் மட்டும் இன்றும் திறக்கிறது. ஒரே ஃபைல், இடப்பக்கம் பொருளடக்கம், கூடவே இன்டெக்ஸ், தேடல் என்று கச்சிதமாகத்தான் இருக்கும். ஆங்கிலத்தில் எழுதி, ஒரே கம்ப்யூட்டரில் ஓடும் மென்பொருள் என்றால் அதையே செய்யுங்கள் என்று சொல்லியிருப்பேன். உங்களுக்கு இரண்டு இடத்தில் இடிக்கும்.

ஒன்று தமிழ். சிஎச்எம்மின் பொருளடக்கமும் இன்டெக்ஸும், எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோடுக்கு முந்தைய கோட்பேஜ் (மொழிவாரியான எழுத்துப் பட்டியல்) முறையை நம்பி இருப்பவை. ரஷ்ய மொழிக்கும் அரபுக்கும் விண்டோஸில் தனிக் கோட்பேஜ் உண்டு. தமிழுக்கு அப்படி ஒன்று வரவே இல்லை. விண்டோஸ் 2000-ல் தமிழ் நுழைந்தபோதே யூனிகோடாகத்தான் நுழைந்தது. அதனால் நடுவில் இருக்கும் பக்கங்களில் தமிழ் ஒழுங்காகத் தெரிந்தாலும் இடப்பக்கத் தலைப்புகள் கேள்விக்குறிகளாக வரிசைகட்டி நிற்கும். எவ்வளவு விலை கொடுத்த கருவியில் செய்தாலும் இது மாறாது, ஏனென்றால் குறை அந்த வடிவத்திலேயே இருக்கிறது.

இன்னொன்று நெட்வொர்க். பெரிய ஜவுளிக் கடையில் மூன்று நான்கு பில்லிங் கவுன்டர் இருக்கும். மென்பொருளை ஒரு கம்ப்யூட்டரில் வைத்து மற்றவை ஷேர் ஃபோல்டர் வழியாகத் திறக்கும். 2005-ல் வந்த ஒரு பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பிறகு, நெட்வொர்க்கில் இருக்கும் சிஎச்எம் ஃபைலின் பக்கங்களை விண்டோஸ் காட்டாது. பட்டியல் வரும், பக்கம் வராது. இணையத்திலிருந்து இறக்கிய ஃபைலும் அப்படித்தான். ப்ராப்பர்ட்டீஸில் போய் ‘அன்பிளாக்’ கொடுக்க வேண்டும். அதைச் சொல்லிக்கொடுக்க இன்னொரு போன் வரும்.

ஆகவே சாதாரண எச்டிஎம்எல் பக்கங்களாகச் செய்து, மென்பொருளோடு ஒரு ஃபோல்டராகக் கொடுங்கள். பிரவுசரில் திறக்கட்டும். யூனிகோடுத் தமிழுக்கு பிரவுசரில் தடை கிடையாது, எழுத்துருவுக்கு விண்டோஸ் 8 முதல் நிர்மலா யுஐ கூடவே வருகிறது. இதற்கான நல்ல கருவிகள் இலவசம். ஸ்ஃபிங்ஸ், எம்கேடாக்ஸ் இரண்டும் ஓப்பன் சோர்ஸ். விற்பனைக்கான மென்பொருளுக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம். சாதாரண டெக்ஸ்ட் ஃபைலில் எழுதுகிறீர்கள், ஒரு கட்டளை கொடுத்ததும் பொருளடக்கத்தோடு பக்கங்கள் தயாராகிவிடும். மென்பொருள் எழுதுகிற உங்களுக்கு இது ஒரு மாலைநேரப் பாடம்தான்.

இரண்டில் எது? உங்கள் வேலைக்கு ஸ்ஃபிங்ஸ் என்பேன். எம்கேடாக்ஸின் வழக்கமான தேடல், பக்கங்கள் ஒரு சர்வரில் இருக்கும் என்று எண்ணிச் செய்யப்பட்டது. ஹார்டு டிஸ்கிலிருந்து நேரடியாகத் திறந்தால் பிரவுசர் அதைத் தடுத்துவிடும். எம்கேடாக்ஸுக்கான மெட்டீரியல் என்ற தீமில் (தோற்ற அமைப்பு) இதற்கென்று ஆஃப்லைன் ப்ளக்இன் இருக்கிறது, ஆனால் அது கூடுதல் வேலை. ஸ்ஃபிங்ஸில் இந்தத் தொல்லை இல்லை. அதைவிட முக்கியம், நீங்கள் குறித்துக் கொடுக்கும் சொற்களை வைத்து அகரவரிசை இன்டெக்ஸ் பக்கம் ஒன்றைத் தானே செய்து தரும்.

இன்டெக்ஸை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், தமிழில் தேடல் பெட்டியை நம்ப முடியாது என்பதுதான். இக்கருவிகள் சொற்களைப் பிரிக்கும் முறை ஆங்கிலத்தை மனதில் வைத்து எழுதப்பட்டது. கொம்பும் புள்ளியும் வரும் இடத்தில் தமிழ்ச் சொல் துண்டாகிவிடலாம். அதைச் சரிசெய்தாலும், ‘ரசீது’ என்று தேடுபவருக்கு ‘ரசீதை’ என்று எழுதிய பக்கம் கிடைக்காது. கடைக்காரர் வாயில் வரும் சொற்களை இன்டெக்ஸில் போடுங்கள். உங்கள் மெனுவில் ‘விற்பனைத் திருப்பம்’ என்று இருக்கலாம், அவர் தேடுவது ‘ரிட்டர்ன்’. இரண்டும் இருக்கட்டும்.

எஃப்1-க்கு ஒரு சின்ன எச்சரிக்கை. நீளமான ஒரே பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதி, முகவரியில் ஹேஷ் குறி (#) போட்டு நடுவில் ஓர் இடத்துக்குத் தாவ வைக்கலாம் என்று தோன்றும். உள்ளூர் ஃபைலை விண்டோஸ் மூலம் திறக்கச் சொல்லும்போது ஹேஷுக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் காணாமல் போய், பக்கத்தின் உச்சியில் போய் நிற்கும். ஒரு திரைக்கு ஒரு ஃபைல் என்று வைத்துக்கொண்டால் இந்தத் தலைவலியே இல்லை.

அப்போது பத்தாயிரம் எதற்கு? எழுதுவதற்கு. ஒரு வாரம் வரும் போன்களை ஒரு நோட்டில் குறியுங்கள், அடிக்கடி வரும் கேள்விகள்தான் உங்கள் முதல் பக்கங்கள். எழுதி முடித்ததும் பில்லிங் கவுன்டரில் உட்காரும் இரண்டு மூன்று பேரைக் கூப்பிட்டு, அரை நாள் கூலி கொடுத்து, ஹெல்ப்பை மட்டும் பார்த்து ரிட்டர்ன் பில் போடச் சொல்லுங்கள். பக்கத்தில் நின்று வாய் திறக்காமல் பாருங்கள் (இதுதான் கஷ்டம்). எங்கே தடுமாறுகிறார்களோ அந்தப் பக்கத்தைத் திருத்துங்கள். மிச்சப் பணத்தில் தமிழ் நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் பிழை பார்க்கக் கொடுக்கலாம்.

திரைப் படங்களுக்கு கிரீன்ஷாட் என்ற இலவசக் கருவி போதும். படத்தைக் குறைவாகப் போடுங்கள். ஒரு பட்டனை இடம் மாற்றினால் அது வரும் எல்லாப் படத்தையும் திரும்ப எடுக்க வேண்டியிருக்கும். பல ஹெல்ப் ஃபைல்கள் காலாவதியாவது இப்படித்தான்.

கேள்வி: ஹெல்ப் ஃபைல் செய்யும் ஒரு மென்பொருளின் இலவசப் பதிப்பை இறக்கியிருக்கிறேன். நான் விற்கும் மென்பொருளுக்கு அதில் ஹெல்ப் செய்யலாமா? முழுப் பதிப்பின் ‘லைஃப்டைம் கீ’ சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது என்கிறார் நண்பர்.

பதில்: உரிம ஒப்பந்தத்தைத் திறந்து பாருங்கள். ஹெல்ப்என்டாக் போன்றவற்றின் இலவசப் பதிப்பு தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டும். விற்கிற பொருளுக்கு என்றால் உரிமம் வாங்க வேண்டும். இலவசப் பதிப்பில் உருவாகும் பக்கங்களில் கருவியின் பெயரும் ஒட்டிக்கொண்டு வரும், வாடிக்கையாளர் கண்ணில் அது படும். சில நூறு ரூபாய் கீ பெரும்பாலும் திருட்டுச் சரக்கு. விற்பவர் பில் தருவாரா என்று கேளுங்கள், பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

எச்டிஎம்எல் எல்லாம் வேண்டாம் என்றால் லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் எழுதி, தலைப்புகளுக்கு ஹெடிங் ஸ்டைல் கொடுத்து, புக்மார்க்கோடு பிடிஎஃப் எடுக்கலாம். செலவு ஒன்றுமில்லை. சின்ன மென்பொருளுக்கு அது போதும்.

கேள்வி: வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் கருவியை, ஆண்டுச் சந்தாவில், டாலரில் வாங்கலாம் என்று இருக்கிறேன். தனியாகத் தொழில் செய்கிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: திரையில் காட்டும் விலை முழு விலை அல்ல. கார்டு வங்கி அந்நியச் செலாவணிக்கென்று ஒரு சதவீதத்தைச் சேர்க்கும். 18% ஜிஎஸ்டியும் உண்டு. உங்களிடம் ஜிஎஸ்டி எண் இருந்தால் வாங்கும்போதே அதைக் கொடுங்கள். விற்பவர் வரி போடமாட்டார். ரிவர்ஸ் சார்ஜ் முறையில் நீங்களே கட்டி, தகுதி இருந்தால் இன்புட் கிரெடிட்டாக (நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்து) எடுத்துக்கொள்ளலாம். ஆடிட்டரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

அடுத்தது தானாகப் புதுப்பித்தல். 2021 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, கார்டில் தானாகப் பிடிக்கும் சந்தாவுக்கு 24 மணி நேரம் முன்பே வங்கி உங்களுக்குத் தகவல் சொல்ல வேண்டும். வெளிநாட்டுச் சந்தாவுக்கும் இது பொருந்தும். ஓடிபி கேட்காமல் பிடிப்பதற்கான வரம்பு 2022-ல் 15,000 ரூபாயாக உயர்ந்தது. அதற்கு மேல் போனால் ஒவ்வொரு முறையும் ஓடிபி கேட்கும். வங்கி முன்பே அனுப்பும் தகவலிலேயே ரத்து செய்யும் வழியும் இருக்கும். எஸ்எம்எஸ்ஸைப் படிக்காமல் விடாதீர்கள்.

பணம் திரும்ப வேண்டுமென்று சண்டை வந்தால்? 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கத்தில் வாங்குபவரை நுகர்வோராக ஏற்பதில்லை. ஆனால் சுயதொழிலில் பிழைப்புக்காக மட்டும் வாங்குபவருக்கு விலக்கு தருகிறது. தனி ஆளாகத் தொழில் செய்யும் நீங்கள் அதைக் காட்டி வாதிடலாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரும் பதியலாம். இருந்தாலும் கடல் தாண்டி இருக்கும் நிறுவனத்திடம் சட்டம் பேசுவது நீண்ட வேலை. பணம் கட்டும் முன் ட்ரையல் பதிப்பில் தமிழில் பத்துப் பக்கமாவது முழுதாகச் செய்து பாருங்கள். சந்தா முடிந்தபின் எழுதியதை வேர்டாகவோ எச்டிஎம்எல்லாகவோ வெளியே எடுக்க முடிகிறதா என்பதையும் அப்போதே சோதித்துவிடுங்கள். முடியாது என்றால் வாங்காதீர்கள்.