1963 ஸ்ட்ராட்டோகாஸ்டருக்கு 21,000 டாலர் கொடுக்கலாமா?

கேள்வி: டெக்ஸாஸ் மாநிலம் ஆஸ்டினில் சாஃப்ட்வேர் வேலையில் இருக்கிறேன். வயது 43. கல்லூரி நாளிலிருந்து கிட்டார் வாசிக்கிறேன். இங்கே ஒருவர் 1963-ஆம் வருட ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் எலெக்ட்ரிக் கிட்டாரை 21,000 டாலருக்கு விற்கிறார். சன்பர்ஸ்ட் நிறம் (நடுவில் வெளிர், ஓரத்தில் கருமை). நெக்கில் (கழுத்துப் பகுதி) குறுக்கே பதித்த ஃபிரெட் கம்பிகள் புதிது, ஒரு பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்) மறுபடி சுற்றியது, மற்றதெல்லாம் ஒரிஜினல் என்கிறார். சீரியல் எண் 'எல்' எழுத்தில் தொடங்குகிறது. நெக்கின் அடியில் '2 மார்ச் 63 பி' என்று முத்திரை இருப்பதால், மார்ச் 2-ஆம் தேதி செய்தது என்று எடுத்துக்கொள்கிறேன். குமிழ்களுக்கு அடியில் இருக்கும் 'பாட்' எனும் மின்பாகங்களிலும் எண்கள் உள்ளன: டோன் பாட்களில் 304 6248, வால்யூம் பாட்டில் 137 6614. அவசரச் செலவுக்கு ஒதுக்கியது போக என்னிடம் 36,000 டாலர் இருக்கிறது. ஐந்தாறு வருடத்தில் சென்னைக்குத் திரும்ப எண்ணம். வாசித்த மாதிரியும் ஆகும், முதலீடாகவும் இருக்கும் என்று நினைக்கிறேன். பிங்க் ஃபிளாய்ட் குழுவின் டேவிட் கில்மரின் கறுப்பு ஸ்ட்ராட்டில் எத்தனையோ பாகங்கள் மாறியிருந்தும் 39 லட்சம் டாலருக்குப் போனதே. ஒரிஜினல் என்பதை இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டுமா?

பதில்: கில்மர் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். 2019 ஜூனில் நியூயார்க்கில் கிறிஸ்டிஸ் ஏலத்தில் அந்தக் கிட்டார் 39.75 லட்சம் டாலருக்குப் போனது உண்மை. சன்பர்ஸ்ட் மேல் கறுப்பு அடித்த கிட்டார் அது. நெக்கும் பிக்கப்பும் பலமுறை மாறியவை. ஆனால் அந்த விலை மரத்துக்கும் கம்பிக்கும் கொடுத்ததல்ல, அதை வைத்திருந்த கைக்குக் கொடுத்தது. உங்களுக்கு விற்பவர் கில்மர் இல்லை. பெயர் இல்லாத பழைய கிட்டாரில் நீங்கள் காசு கொடுப்பது யாரும் கைவைக்காத நிலைக்குத்தான். அது இல்லையென்றால் 21,000-க்குக் கணிசமான பகுதி காற்றோடு போகும்.

1963 என்ற வருடத்துக்கே ஏன் இந்த மவுசு? 1965 ஜனவரியில் ஃபெண்டர் கம்பெனியை அமெரிக்க ஒலிபரப்பு நிறுவனமான சிபிஎஸ் 1.3 கோடி டாலருக்கு வாங்கியது. அதற்கு முந்தையவை 'ப்ரீ-சிபிஎஸ்' என்று தனி விலை பேசுகின்றன. சிக்கல் எங்கே என்றால், கம்பெனியைத் தொடங்கிய லியோ ஃபெண்டர் இந்தக் கிட்டாரையே பிரித்து மாட்டும்படிதான் வடிவமைத்தார். நான்கு திருகைக் கழற்றினால் நெக் தனியாக வந்துவிடும். பழுது பார்க்க வசதி. அறுபது வருடம் கழித்து வாங்குகிறவருக்கு அதுவே தலைவலி. 1963 நெக்கை வேறொரு பாடியில் மாட்ட பத்து நிமிடம் போதும். சீரியல் எண்ணும் அந்த நான்கு திருகு பிடித்திருக்கும் தகட்டில்தான் இருக்கிறது. அதை மட்டும் நம்புவது, மூலப்பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் பார்க்காமல் வீட்டு வாசலில் உள்ள கதவு எண்ணைப் பார்த்து மனை வாங்குவதுபோல.

இனி உங்கள் எண்கள். முத்திரையில் உள்ள 2 தேதி அல்ல. அந்தக் காலத்தில் ஸ்ட்ராட்டோகாஸ்டர் நெக்குக்கான குறியீடு அது; 'பி' நெக்கின் அகலம். ஆகவே 1963 மார்ச் என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். விற்பவரும் மார்ச் 2 என்றே சொன்னார் என்றால், அவருக்கு அதிகம் தெரியாது என்று வைத்துக்கொள்ளலாம். பாட் எண்ணில் முதல் மூன்று இலக்கம் தயாரிப்பாளர், அடுத்த இரண்டு வருடம், கடைசி இரண்டு வாரம். 304 என்பது ஸ்டாக்போல், 1962-ன் 48-ஆவது வாரம். மார்ச் மாத நெக்குக்கு அழகாகப் பொருந்துகிறது. 137 என்பது சி.டி.எஸ்.; 6614 என்றால் 1966-ன் 14-ஆவது வாரம். 1963-ல் செய்த கிட்டாருக்குள் அது எப்படி வந்தது? பின்னால் யாரோ மாற்றியிருக்கிறார்கள்.

ஒரு வால்யூம் பாட் பெரிய சேதமில்லை. ஆனால் விற்பவர் சொன்ன பட்டியலில் அது இல்லை. சொல்லாத மாற்றம் ஒன்று கண்ணில் பட்டால் இன்னும் இருக்குமோ என்று தேடுவதுதான் புத்தி. பிக்கப்பை எடுத்துச் சுற்றி மறுபடி பொருத்தியவர் சால்டரையும் (வயர்களை ஒட்டவைக்கும் உலோகப் பற்று) கட்டாயம் தொட்டிருப்பார்.

ஃபிரெட் மாற்றியதை மறந்துவிடுங்கள். அது காருக்கு டயர் மாற்றியதுபோல. பிக்கப் சுற்றியதற்கு விலையில் பேரம் உண்டு. உண்மையான கேள்வி பெயின்ட்தான். மறுபடி பெயின்ட் அடித்த பழைய கிட்டாருக்குப் பாதி விலை என்பது கடைக்காரர்களின் வாய்க்கணக்கு. மற்றதெல்லாம் சில்லறை, இது மட்டும் பத்தாயிரம் டாலர் வித்தியாசம். முன்பக்கத்தை மூடியிருக்கும் பிளாஸ்டிக் தகடான பிக்கார்டைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். 1964 வரை ஃபெண்டர் ஆலையில் பாடியில் சிறு ஆணிகள் அடித்து, அவற்றின்மேல் நிறுத்திப் பெயின்ட் அடித்துக் காயவைத்து, பிறகு ஆணியைப் பிடுங்குவார்கள். அதனால் அந்தத் துளைக்குள் பெயின்ட் படாத வெறும் மரம் தெரிய வேண்டும். உள்ளே பெயின்ட் இறங்கியிருந்தாலோ, துளையே இல்லாவிட்டாலோ, மறுபெயின்ட் என்று கிட்டத்தட்ட முடிவு கட்டலாம். அறையை இருட்டாக்கி அல்ட்ரா வயலட் விளக்கு அடித்தால் பழைய நைட்ரோ லேக்கர் (அந்தக் காலப் பளபளப்புப் பூச்சு) மஞ்சள் கலந்த பச்சையாக ஒளிரும். புதிதாகத் தொட்ட இடம் திட்டுத் திட்டாகத் தனித்துத் தெரியும். பழைய சால்டர் மங்கலாக இருக்கும், பளபளப்பது புதிது. வயர்களுக்கு மேலே துணி உறை இருக்க வேண்டும். விண்டேஜ் ஃபெண்டர் பிரித்துப் பழகிய லூத்தியர் (கிட்டார் செய்து பழுது பார்ப்பவர்) ஒருவரிடம் சில நூறு டாலர் கொடுத்து இதையெல்லாம் பார்க்கச் சொல்லுங்கள். அவர் விற்பவரின் நண்பராக இருக்கக்கூடாது.

இப்போது என் வேலையான பணக் கணக்குக்கு வருகிறேன். இதை முதலீடு என்று எழுதிக்கொள்ளாதீர்கள். கமிஷனுக்குக் கடையில் விற்கக் கொடுத்தால் 20 சதவீதம் போகும் என்று வைத்துக்கொள்வோம். கொடுத்த 21,000-ஐ அப்படியே திரும்பப் பார்க்க அது 26,250-க்கு விற்க வேண்டும். இடையில் இன்ஷூரன்ஸ் வேறு: சாதாரண வீட்டுப் பாலிசி போதாது, மதிப்பீட்டுக் கடிதத்துடன் தனியாகச் சேர்க்க வேண்டும். லாபம் வந்தால் சேகரிப்புப் பொருள் என்ற கணக்கில் நீண்டகால வரி 28 சதவீதம் வரை போகலாம். சொந்தமாக வாசிக்க வைத்திருந்த பொருளில் நஷ்டம் வந்தாலோ கழித்துக்கொள்ள வழியில்லை. 2008-க்குப் பிறகு விண்டேஜ் கிட்டார் விலை இறங்கியதையும் இந்தச் சந்தை பார்த்திருக்கிறது.

சென்னை விஷயம்: அந்தக் கால ஃபெண்டர் நெக்கின்மேல் விரல் வைக்கும் ரோஸ்வுட் பலகை பெரும்பாலும் பிரேசில் ரோஸ்வுட். 1992 முதல் அது, அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டஸ் சர்வதேச ஒப்பந்தத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. எல்லை தாண்ட அமெரிக்க மீன், வனவிலங்குத் துறையின் அனுமதிச் சான்று வேண்டும். கிளம்புகிற வாரத்தில் அது கிடைக்காது. ஊரில் இதே விலைக்கு வாங்குபவரைத் தேடுவதும் சிரமம். ஆகவே திரும்புவதற்கு முன் இங்கேயே விற்பீர்கள் என்றே கணக்குப் போடுங்கள்.

என் முடிவு இது. ஆணித்துளை சுத்தமாக இருந்து, லூத்தியரும் சம்மதித்தால், வால்யூம் பாட்டையும் பிக்கப்பையும் காட்டி 18,000 பக்கம் பேசுங்கள். அந்த விலையில் வாங்கினால் கையில் 18,000 மிஞ்சும். சம்பளம் வருகிறவருக்கு அது போதும். மறுபெயின்ட் என்று தெரிந்தால் பத்தாயிரத்துக்கு மேல் ஒரு டாலர் வேண்டாம். உண்மையைச் சொன்னால், உங்களைப் போல வாசிக்கிறவருக்கு அதுதான் எனக்குப் பிடித்த பேரம்; சத்தத்தில் நீங்கள் இழப்பது எதுவும் இல்லை, மேடையில் கீறல் விழுந்தாலும் தூக்கம் போகாது. இரண்டில் எது என்று தெரியாமல் 21,000 கொடுப்பதுதான் மோசமான வழி.

ரசீதில் மாற்றிய பாகங்கள் எல்லாவற்றையும் எழுதி, சொன்னது பொய்த்தால் பத்து நாளில் பணத்தைத் திருப்பித் தருவேன் என்றும் விற்பவர் கையெழுத்துப் போட வேண்டும். பிக்கார்டுக்கு அடியில் எடுத்த படத்தை இன்றே கேளுங்கள். ஏதாவது காரணம் சொல்லித் தட்டிக்கழித்தால் விட்டுவிடுங்கள்.