ஓடில்லாத வண்ண நத்தை: கேட்டதும் சொன்னதும்

நீரோடி நண்பர்: அண்ணே, லட்சத்தீவுக் கவரத்தியில் முழங்கால் தண்ணீரில் படம் எடுத்தேன். கறுப்பு முதுகு, சாம்பல் நீலத்தில் நீள வரப்புகள், அதன்மேல் மஞ்சள் முண்டுகள். விரல் நீளம் இருக்கும். இது என்ன?

பதில்: ஃபிலிடியா வரிகோசா என்ற கடல் நத்தை என்றுதான் படுகிறது. பிரெஞ்சு உயிரியலாளர் லாமார்க் 1801இல் வைத்த பெயர். ஆனால் முதுகை மட்டும் பார்த்து உறுதி சொல்ல மாட்டேன். ஃபிலிடியா செலஸ்டிஸ் என்ற இனமும் ஏறக்குறைய இதே உடுப்பில் திரியும். அடிப்பாதத்தைப் பாருங்கள்: நடுவே கறுப்புக் கோடு ஓடினால் வரிகோசா, கோடு இல்லையென்றால் செலஸ்டிஸ். அடிப்பக்கப் படம் இருந்தால் அனுப்புங்கள்.

கொல்லங்கோடு: இது கடல் அட்டைதானே? கையில் எடுத்தால் வழக்கு வருமா?

பதில்: இல்லை. கடல் அட்டை நட்சத்திர மீனின் உறவு. 2001 முதல் வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பது அதுதான். இது நத்தைக் கூட்டம், ஓட்டை விட்டுவிட்டது. இருந்தாலும் எடுக்காதீர்கள், காரணம் கீழே வருகிறது.

பூவார்: முதுகில் பூப்போல செவுள் இருக்கும் என்பார்களே, காணோமே?

பதில்: ஓடில்லாத கடல் நத்தைகளில் பல இனங்களுக்கு இருக்கும். ஃபிலிடியாவுக்குச் செவுள் உடல் ஓரத்து மடிப்புக்கு அடியில். தலையில் நிற்கும் இரண்டு மஞ்சள் கொம்புகளும் மோப்பம் பிடிக்க.

மார்த்தாண்டம்: வீட்டுக் கடல்நீர்த் தொட்டியில் விடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம் தம்பி. இதற்குத் தீனி கடற்பஞ்சு மட்டும். அரைக்கும் பல்வரிசைகூடக் கிடையாது, பஞ்சை உறிஞ்சித்தான் சாப்பிடும். அந்தப் பஞ்சின் நஞ்சைத் தன் உடம்பில் சேர்த்தும் வைக்கும். இது ஐசோசயனைடு என்ற வேதிப்பொருளில் ஒரு வகை என்று 1975இல் ஹவாயில் கண்டறிந்தார்கள். மிரண்டால் கசியும் சளியில் அந்த நஞ்சும் வரும், அப்புறம் தொட்டி மீன்கள் ஒவ்வொன்றாக மிதக்கும். அந்தப் பளிச்சென்ற நிறமே 'கிட்டே வராதே' என்று மீன்களுக்குச் சொல்வதுதான்.

குளச்சல்: நம்ம பக்கம் கடல் நத்தைகளை எங்கே தேடலாம்?

பதில்: சிப்பி எடுக்கக் குளிக்கிற பாறைகளில் பாருங்கள். வெயில் படாத இடுக்கிலும், பாறை கவிந்த அடிப்பக்கத்திலும் கடற்பஞ்சு படர்ந்திருக்கும். முதலில் பஞ்சைத் தேடுங்கள், பஞ்சு தின்னும் இனங்கள் அங்கேதான். தென்மேற்குப் பருவத்தில் இறங்கிப் பயனில்லை, கலங்கல்.

நீரோடி நண்பர்: போன மாதம் ஒன்றைப் புரட்டினேன், கிழிந்துவிட்டது!

பதில்: அப்படியென்றால் அது தட்டைப்புழுவாக இருக்கும். முண்டு வரைக்கும் ஃபிலிடியாவைப்போல வேஷம் போடுகிற புழு உண்டு, ஆனால் உடம்பு தாள்போல மெல்லிசு, ஓரம் அலையலையாக நெளியும். நத்தை தடிமனாக, விறைப்பாக இருக்கும். இனி புரட்டாமல் ஓரத்தைப் பாருங்கள், தெரிந்துவிடும்.