கௌபாயின் கரண்டி

கேள்வி: நண்பர்கள் ஐந்து பேர் ஒன்பது வருடமாகச் சனிக்கிழமை ராத்திரி 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆடுகிறோம், இப்போதெல்லாம் வீடியோ காலில். போன மாதம் என் கேரக்டர் செத்துப்போனான். குள்ளர் இனத்துப் பூசாரி. கெட்ட வாய், நல்ல மனசு. பகடையில் 1 விழுந்தது, அவ்வளவுதான். இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை, வீட்டில் சிரிக்கிறார்கள். இது பைத்தியக்காரத்தனமா? (ஓசூர் வாசகர்)

பதில்: சிரிப்பவர்களிடம், சீரியலில் மருமகள் செத்த அன்றைக்கு அவர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். அந்த மருமகளை எழுதியது யாரோ, நடித்தது யாரோ. உங்கள் பூசாரியை ஒன்பது வருடம் பேச வைத்தது நீங்கள், அவன் கெட்ட வாயும் உங்களிடமிருந்து போனதாகத்தான் இருக்கும்.

ஆட்டம் தெரியாதவர்களுக்காக நாலு வரி. ஒருவர் கதையை நடத்துவார், அவர் டன்ஜன் மாஸ்டர். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, நான் இதைச் செய்கிறேன், அவனை வெட்டுகிறேன், இவளிடம் பொய் சொல்கிறேன் என்று வாயால் சொல்ல வேண்டியதுதான், பலித்ததா இல்லையா என்பதை இருபது முகம் கொண்ட பகடை சொல்லிவிடும். தாயத்தில் பழம் எடுத்தால் ஆட்டம் முடிந்தது, இதில் பழம் எடுப்பதே கிடையாது. அதனால் வருடக்கணக்கில் இழுக்கும். கனடாவில் ஒரு வரலாற்றுப் பேராசிரியர் 1982-ல் தொடங்கிய ஆட்டத்தை நாற்பது வருடம் தாண்டியும் நடத்தியிருக்கிறார் என்றால் பாருங்கள்.

அழுவதிலும் நீங்கள் தனி ஆள் இல்லை. அமெரிக்காவில் டப்பிங் கலைஞர்கள் சிலர் 2015 முதல் 'கிரிட்டிகல் ரோல்' என்று தங்கள் ஆட்டத்தை இணையத்தில் காட்டுகிறார்கள். முதல் கதை 115 பகுதிகள் ஓடி 2017 அக்டோபரில் முடிந்தது. அதில் சாம் ரீகல் ஆடிய ஸ்கேன்லன் ஒரு பாணன், வாயைத் திறந்தால் கொச்சைப் பாட்டு. அவன் தன் ஆகப்பெரிய மந்திரத்தைக் கடைசிச் சண்டையில்கூடச் செலவழிக்காமல் பொத்திப் பொத்தி வைத்திருந்தான், மரண தேவதைக்கு வாக்குக் கொடுத்துவிட்ட தோழன் வாக்ஸை அதை வைத்து மீட்டுவிடலாம் என்ற நப்பாசையில். வில்லன் வெக்னா தப்பி ஓடப் பார்த்தான். அவனைத் தடுக்க வேறு வழி இல்லை, பொத்தி வைத்திருந்ததை அங்கேயே கொட்டிவிட்டான் ஸ்கேன்லன். வில்லன் தோற்றான், வாக்ஸ் போய்ச் சேர்ந்தான். மேசையைச் சுற்றி உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டது சின்னப் பிள்ளைகள் இல்லை, குடும்பஸ்தர்கள்.

என் முதல் கேரக்டர் ஒரு திருடன். மூன்றாவது லெவலில், கண்ணி இருக்கிறதா என்று பார்க்காமல் பெட்டியைத் திறந்து செத்தான். எனக்கும் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை, ஆனால் அது கோபத்தில்.

கேள்வி: இதில் வரும் மந்திரங்களுக்கெல்லாம் டென்சர், மெல்ஃப், டிராமிஜ் என்று வாயில் நுழையாத பெயர்களாக இருக்கின்றனவே, எந்த மொழி? (மதுரை வாசகர்)

பதில்: மொழியெல்லாம் ஒன்றும் இல்லை, குறும்பு. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்று ஒரு சின்ன ஊர். அங்கே 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ் 1972-ல் தன் வீட்டிலேயே 'கிரேஹாக்' என்ற ஆட்டத்தைத் தொடங்கினார். இந்தப் பெயர்கள் எல்லாம் அந்த மேசையில் உட்கார்ந்தவர்களுடைய கேரக்டர்கள். மூத்த மகன் எர்னஸ்ட், தன் பெயரின் ஆங்கில எழுத்துகளைக் கலைத்துப்போட்டு டென்சர் ஆனான். ஜிம் வார்ட் தன் பெயரைத் தலைகீழாகத் திருப்பினார், டிராமிஜ். இன்னொரு மகன் லூக்கின் கேரக்டர் ஷீட்டில் ஆண் என்பதற்கு 'எம்', இனம் 'எல்ஃப்', அதைச் சேர்த்து வாசித்தால் மெல்ஃப்! வீட்டில் பையன் வைத்த பெயர் இன்றைக்கு 'மெல்ஃபின் அமில அம்பு' என்று உலகம் முழுக்க விதிப்புத்தகத்தில் அச்சாகிறது.

கேள்வி: இது பையன்கள் விளையாட்டுதானே? (திருச்சி வாசகி)

பதில்: இல்லை. கிரேஹாக்கின் முதல் ஆட்டத்தில் இருந்ததே இரண்டு பேர், எர்னஸ்ட்டும் தங்கை எலிஸும். எலிஸின் பூசாரி பெயர் அஹ்லிஸா, பிற்பாடு அந்த உலகத்தின் வரைபடத்தில் அஹ்லிஸா என்று ஒரு நிலப்பகுதியே வந்துவிட்டது. முதல் ராத்திரி அண்ணனுக்கும் தங்கைக்கும் கிடைத்த புதையல் 3,000 செப்புக் காசு. பெட்டியைத் தூக்க முடியவில்லை. அத்தனை கஷ்டப்பட்டு ஜெயித்ததை அப்படியே விட்டுவிட்டு வர வேண்டியதானதில் இரண்டு பேருக்கும் ஒரே வயிற்றெரிச்சல்.

கேள்வி: அந்தப் பழைய ஆட்டத்தில் உங்களுக்கு மறக்க முடியாத ஒரே ஒரு கேரக்டர்? மந்திரவாதி மார்டன்கைனன் என்று சொல்லிவிடாதீர்கள், அது எல்லோரும் சொல்வது. (சேலம் வாசகர்)

பதில்: சொல்லவில்லை. எனக்கு முர்லிண்ட்.

ஆடியவர் டான் கேய், கைகாக்ஸின் சிறுவயதுத் தோழர். எலிஸும் எர்னஸ்ட்டும் ஆடியதற்கு அடுத்து மேசையில் வந்து சேர்ந்தவர்களில் ஒருவர். கைகாக்ஸே தன் கேரக்டருக்கு, கேரி என்பதைத் திருப்பிப் போட்டு யராக் என்று பெயர் வைத்துக்கொண்டிருந்த காலம் அது. அப்போது கொஞ்சம் மெனக்கெட்டு, புதிதாக ஒரு பெயரை யோசித்த ஆள் கேய்தான் என்று கைகாக்ஸ் பிற்பாடு சொல்லியிருக்கிறார்.

கேய்க்குக் கௌபாய் கதைகள் என்றால் உயிர். நடுவில் முர்லிண்ட் எப்படியோ வேறொரு உலகத்துக்கு, குதிரையும் துப்பாக்கியுமாக இருக்கிற பழைய மேற்கத்தியப் பிரதேசத்துக்குப் போய்விட்டுத் திரும்பினான், இடுப்பில் இரண்டு துப்பாக்கியோடு. கிரேஹாக்கில் வெடிமருந்து வேலை செய்யாது, அது கைகாக்ஸின் கறார் விதி. தோழனிடம் துப்பாக்கியைக் கீழே வை என்று சொல்லவும் மனசு வரவில்லை. கடைசியில் என்ன தீர்ப்பு சொன்னார் தெரியுமா, அது துப்பாக்கியே இல்லையாம், பெரிய சத்தத்தோடு சின்னச் சின்னக் குண்டுகளைத் துப்புகிற இரண்டு மந்திரக்கோல்களாம்! விதியும் உடையவில்லை, கேயும் தன் துப்பாக்கியோடு ஆடினார். ஒருவனுக்கு மட்டும் சலுகையா என்று கேட்கிறவர்களோடு நான் வாதாட வரவில்லை, எனக்கு இது ரொம்பப் பிடிக்கும்.

1973-ல் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டத்தை அச்சடிக்க கைகாக்ஸும் கேயும் சேர்ந்து டிஎஸ்ஆர் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். கேய் தன் ஆயுள் காப்பீட்டின் மேல் 1,000 டாலர் கடன் வாங்கிப் போட்டார். அலுவலகம் என்றால் அவர் வீட்டுச் சாப்பாட்டு அறைதான். 1974 ஜனவரியில் 1,000 பிரதி வந்தது, ஒரு வருடத்துக்குள் விற்றும் தீர்ந்தது. அப்புறம் 1975 ஜனவரி கடைசியில் கேய் மாரடைப்பில் போய்விட்டார். 36 வயது.

ஆனால் முர்லிண்டை யாரும் எடுத்துவிடவில்லை. எட்டு வருடம் கழித்து, 1983 மார்ச்சில், இந்த ஆட்டத்துக்கென்றே வந்த 'டிராகன்' பத்திரிகையில் கைகாக்ஸ் அவனைக் கிட்டத்தட்டத் தெய்வமாகவே எழுதிவிட்டார். நம் ஊர்ப்பக்கம் அகாலத்தில் போனவருக்கு நடுகல் வைத்துக் கும்பிடுவது மாதிரிதான் எனக்குப் பட்டது.

அதைவிட எனக்குப் பிடித்தது முர்லிண்டின் கரண்டி. விதிப்புத்தகத்தில் ஒரு மந்திரப் பொருள். காலிப் பாத்திரத்தில் அந்தக் கரண்டியைப் போட்டால் கெட்டியான கூழ் நிரம்பும், ஒரு நாளைக்கு நாலு பேருக்குப் போதும், நல்ல சத்து. ஆனால் ருசி? வெதுவெதுப்பான, நனைந்த அட்டை மாதிரி இருக்குமாம். மந்திர வாள் இருக்கிறது, பறக்கிற கம்பளம் இருக்கிறது, துப்பாக்கி வைத்திருந்தவன் பேரைச் சொல்ல வாய்க்கு விளங்காத ஒரு கூழ்! பிற்பாடு விதிகளை யார் வேண்டுமானாலும் எடுத்தாளலாம் என்று பொதுவில் விட்டபோது இந்த மாதிரிப் பெயர்களையெல்லாம் நீக்கிவிட்டார்கள். அங்கே அது முர்லிண்டின் பெயரில்லாத வெறும் கரண்டி. கூழும் அட்டை ருசியும் மட்டும் அப்படியே இருக்கின்றன.

ஓசூர்க்காரருக்கு இன்னொரு வார்த்தை. உங்கள் குள்ளப் பூசாரி கையில் எப்போதும் ஏதாவது ஒன்று இருந்திருக்கும், சாராயக் குடுவையோ கிழிந்த ஜபப் புத்தகமோ. அதை ஏதாவது ஒரு குகையில், ஒரு பெட்டிக்குள் போட்டுவைக்கும்படி உங்கள் டன்ஜன் மாஸ்டரிடம் சொல்லி வையுங்கள், மற்றவர்களுக்குத் தெரிய வேண்டாம். திறக்கிறவர் மட்டும் கண்ணி இருக்கிறதா என்று முதலில் பார்க்கட்டும்.