கோச்சின் பேச்சைவிட அணிப் பட்டியல் அதிகம் சொல்லும்

கேள்வி: என் மகள் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் டென்னிஸ் வீராங்கனை. அமெரிக்காவின் தென்பகுதியில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகம் முழு உதவித்தொகையுடன் அழைக்கிறது. ஐவி லீக் (புகழ்பெற்ற எட்டுத் தனியார் பல்கலைக்கழகங்களின் குழு) பல்கலைக்கழகம் ஒன்றின் பயிற்சியாளரும் தொடர்ந்து பேசி வருகிறார். வீடியோவில் இரண்டு வளாகங்களும் ஒன்றுபோலவே தெரிகின்றன. "எங்கே போனாலும் ஒரே சூழல்தான், இந்த வாரமே முடிவு செய்யுங்கள்" என்கிறார் எங்கள் ஏஜென்ட். எது அவளுக்கு ஒத்துவரும் என்று இங்கிருந்தே எப்படித் தெரிந்துகொள்வது?
– வாசகர், கோவை

பதில்: ஏஜென்ட் சொல்வது தவறு. ஒரே பல்கலைக்கழகத்துக்குள்ளேயே சூழல் ஆளுக்கு ஆள் மாறும். அங்கே முதுகலை படிக்கும் உறவுக்காரப் பையனைக் கேட்டால் நூலகம், வாடகை, குளிர், இந்திய மளிகைக் கடை பற்றியெல்லாம் உண்மையாகவே சொல்வான். ஆனால் உங்கள் மகள் வாழப்போவது அந்த வாழ்க்கை அன்று. விடியற்காலையில் உடற்பயிற்சி, பிற்பகலில் மைதானம், ஜனவரி முதல் மே வரை வார இறுதிகளில் வெளியூர் ஆட்டங்கள், சாப்பாடும் பயணமும் அணித் தோழிகளுடன் என்று அவளுடைய நாட்கள் போகும். எனவே அந்த இரண்டு டென்னிஸ் அணிகளைத்தான் நீங்கள் ஒப்பிட வேண்டும்.

அதற்குக் காசு செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. பல்கலைக்கழகங்களின் விளையாட்டு இணையதளங்களில் பழைய ஆண்டுகளின் அணிப் பட்டியல்களும் கிடைக்கும். கடந்த நான்கைந்து ஆண்டுப் பட்டியல்களை எடுத்து, முதலாண்டில் சேர்ந்த ஒவ்வொரு பெண்ணின் பெயரையும் அடுத்தடுத்த பட்டியல்களில் தேடுங்கள். எத்தனை பேர் நான்காம் ஆண்டுவரை இருந்தார்கள்? எத்தனை பேர் ஒரே ஆண்டில் காணாமல் போனார்கள்? பயிற்சியாளர் மாறிய ஆண்டில் சிலர் விலகுவது இயல்பு. பயிற்சியாளர் மாறாமலே ஆண்டுதோறும் இரண்டு மூன்று பேர் குறைந்தால், அந்த அணியில் ஏதோ சரியில்லை. ஒரு போட்டியில் ஒற்றையர் ஆட்டத்துக்கு ஆறு இடங்கள்தான் உண்டு என்பதையும் மனத்தில் வையுங்கள். பத்துப் பேர் கொண்ட அணியில் நான்கு பேருக்கு ஒற்றையர் ஆட்டம் கிடைக்காது. அந்த நால்வர் அங்கே எப்படி நடத்தப்படுகிறார்கள் என்பதில் அணியின் குணம் தெரிந்துவிடும்.

பல பட்டியல்களில் ஒவ்வொருவரும் என்ன படிக்கிறார்கள் என்ற குறிப்பும் இருக்கும். உங்கள் மகள் பொறியியலோ உயிரியலோ படிக்க விரும்பினால், அந்த அணியில் யாராவது அதைப் படிக்கிறார்களா என்று பாருங்கள். ஆய்வக வகுப்புகள் பெரும்பாலும் பிற்பகலில்தான் நடக்கும். பயிற்சியும் பிற்பகலில்தான். ஐந்து ஆண்டுகளில் ஒருவர்கூட அறிவியல் படிக்கவில்லை என்றால், "எது வேண்டுமானாலும் படிக்கலாம்" என்று பயிற்சியாளர் சொல்வதை நம்பாதீர்கள்.

போட்டிக் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம், நாளுக்கு 4 மணி நேரத்துக்கு மேல் பயிற்சி கூடாது என்கிறது அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் விதி. கேட்க நன்றாக இருக்கிறது. பஸ்ஸிலும் விமானத்திலும் கழியும் நேரம் இதில் சேராது. காயத்துக்கான சிகிச்சை நேரமும் சேராது. "விருப்பப்பட்டவர்கள் வரலாம்" என்று அறிவிக்கப்படும் பயிற்சியும் சேராது. நாள் முழுக்க நீளும் போட்டிக்கு மூன்று மணி நேரம் என்று கணக்கு எழுதுவார்கள். இதை எல்லோரும் அறிந்தே பல ஆண்டுகளாக அனுமதித்து வருகிறார்கள் என்பது எனக்குக் கோபத்தையே தருகிறது. எனவே மணிக்கணக்கைக் கேட்காதீர்கள். "போன செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து இரவுவரை என்ன செய்தாய்?" என்று அணியில் இருக்கும் ஒரு பெண்ணிடம் உங்கள் மகள் கேட்கட்டும். காயம்பட்டவள் இப்போது அணியோடு சாப்பிடுகிறாளா, கிறிஸ்துமஸ் விடுமுறையில் பயிற்சி உண்டென்றால் அப்போது உணவகம் திறந்திருக்குமா, தேர்வன்று போட்டி வந்தால் யார் பேராசிரியரிடம் பேசுவார் என்றெல்லாம் கேட்கட்டும். பயிற்சியாளர் கைகாட்டும் பெண்ணிடம் மட்டும் கேட்டால் போதாது. பழைய பட்டியலிலிருந்து காணாமல் போன ஒருத்தியையாவது தேடிப் பேச வேண்டும்.

பணம் வரும் வழியும் அணியின் சூழலை மாற்றுகிறது. ஐவி லீக்கில் விளையாட்டுக்கென்று உதவித்தொகை கிடையாது. குடும்ப வருமானத்தைப் பார்த்தே உதவி தருவார்கள். அதனால் இரண்டாம் ஆண்டில் டென்னிஸே வேண்டாம் என்று அவள் விலகினாலும் அந்த உதவி தொடரும். மாநிலப் பல்கலைக்கழகத்தில் அவளாகவே அணியை விட்டு விலகினால் உதவித்தொகையை நிறுத்தலாம். காயம்பட்டதற்காகவோ ஆட்டம் சரிந்ததற்காகவோ நிறுத்தக்கூடாது என்று என்.சி.ஏ.ஏ.வின் முதல் பிரிவில் (டிவிஷன் 1 எனப்படும் உச்ச மட்டம்) ஆடும் பல்கலைக்கழகங்களுக்கு விதி இருக்கிறது. ஆனால் பிடிக்காத மாணவியை அழைத்து, "உனக்கு வேறு இடம் பொருந்தும், டிரான்ஸ்பர் போர்ட்டலில் பெயரைப் பதிவு செய்" என்று நயமாகச் சொல்லும் பயிற்சியாளர்கள் உண்டு. வேறு பல்கலைக்கழகத்துக்கு மாற விரும்பும் வீரர்கள் பெயர் கொடுக்கும் இணையப் பட்டியல்தான் அந்தப் போர்ட்டல். பெயரைப் பதிவு செய்துவிட்டால், அந்தக் கல்விப் பருவம் முடிந்ததும் உதவியை நிறுத்தப் பல்கலைக்கழகத்துக்கு உரிமை வந்துவிடும். உங்களிடம் பேசாமல் அவள் அதைச் செய்யவே கூடாது.

ஐவி பயிற்சியாளரின் வாய்மொழியை இடம் கிடைத்ததாக எண்ணிவிடாதீர்கள். இடம் கொடுப்பது சேர்க்கை அலுவலகம் மட்டுமே.

இனி ஏஜென்ட். அவருடைய கட்டணம் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று இன்றே கேளுங்கள். உதவித்தொகையில் இத்தனை சதவீதம் என்றோ, இடம் கிடைத்தால் இவ்வளவு என்றோ இருந்தால் உடனே விலகுங்கள். இப்படிப்பட்ட ஒப்பந்தத்தை என்.சி.ஏ.ஏ. விதி தடை செய்கிறது. உங்கள் மகளின் விளையாடும் தகுதியே பறிபோகலாம். தண்டனை பிள்ளைக்கு, பணம் அவருக்கு. கையெழுத்துக்கான தாளும் அவரிடமிருந்து வரக்கூடாது. இந்தப் பல்கலைக்கழகத்தில்தான் சேருவேன் என்று வீரர்கள் கையெழுத்திட்டுத் தந்த தேசிய உறுதிக் கடிதம் என்ற பழைய முறையை 2024 அக்டோபரிலேயே ஒழித்துவிட்டார்கள். இப்போது உதவித்தொகை ஒப்பந்தம் பல்கலைக்கழகத்திலிருந்து நேரடியாக வரும். ஐவி லீக்கில் அதுவும் இல்லை. ஆகவே "இந்த வாரம்" என்பது யார் வைத்த கெடு என்று பல்கலைக்கழகத்துக்கே மின்னஞ்சல் அனுப்பிக் கேளுங்கள்.

"விளம்பரத்தில் நடித்தே லட்சக்கணக்கில் சம்பாதிக்கலாம்" என்றும் அவர் சொல்லியிருப்பார். 2021 ஜூலை முதல் கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்க அனுமதி உண்டு. அது விளையாட்டு அமைப்பு தந்த அனுமதி. குடியேற்றச் சட்டம் தந்தது அன்று. உங்கள் மகள் எப்-1 என்ற மாணவர் விசாவில் போகிறாள். அந்த விசாவில் வளாகத்துக்கு வெளியே அனுமதியின்றி வேலை செய்வது விதிமீறல். கடைத் திறப்பு விழாவுக்குப் போவதும், பணம் வாங்கிக்கொண்டு காலணியைப் பற்றி இன்ஸ்டாகிராமில் பதிவிடுவதும் வேலையாகக் கருதப்படலாம். அமெரிக்கத் தோழி செய்கிறாளே என்று இவளும் செய்தால், தோழிக்கு ஒன்றும் ஆகாது. இவள் விசா போகலாம். படிப்புக்காகத் தரப்படும் உதவித்தொகைக்கு இந்தச் சிக்கல் இல்லை. அணியிலிருந்து விலகினாலும் முழுநேர மாணவியாகத் தொடரும்வரை விசாவுக்கு ஆபத்தில்லை. இவை தவிர வேறு எந்தப் பணத்தைப் பற்றிப் பேச்சு வந்தாலும், பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்திடம் எழுத்தில் பதில் வாங்கிய பிறகே தொட வேண்டும்.

நேரில் போக வழியில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வீராங்கனையைத் தன் செலவிலேயே அழைத்து வளாகத்தைக் காட்டப் பல்கலைக்கழகத்துக்கு அனுமதி உண்டு. இரண்டு பயிற்சியாளர்களிடமும் கேளுங்கள். விசிட்டர் விசா நேர்காணலுக்குத் தேதி கிடைப்பதே பெரும்பாடு என்பதால் விண்ணப்பத்தை இப்போதே போடுங்கள். பயணம் அமையாவிட்டால், வார நாள் ஒன்றில் நடக்கும் பயிற்சி முழுவதையும் வீடியோ அழைப்பில் பார்க்க அனுமதி கேளுங்கள். தயங்காமல் சம்மதிக்கிற பயிற்சியாளரின் பெயரைக் குறித்து வையுங்கள். அதுவரை ஏஜென்டுக்கு எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டாம்.