என்.எஸ். 200 எடுக்கட்டா, அண்ணன்?

மோட்டார் சைக்கிள் கேள்வி-பதில் பகுதி. பதில் சொல்பவர் மட்டக்களப்பு, கல்லடியில் கராஜ் வைத்திருப்பவர். இந்த முறை, முதல் பைக்கில் கை பழகி இரண்டாவது பைக் தேடுகிறவர்களின் கடிதங்கள்.

கேள்வி: அண்ணன், எனக்கு இருபத்திரண்டு வயது. ஒன்றரை வருடமாக அப்பாவின் சி.டி. 100 ஓடுகிறேன். மட்டக்களப்பு டவுனில் வேலை, தினமும் போய்வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வெல்லாவெளிப் பக்கம் வயலுக்கும் போவேன். காசு கொஞ்சம் சேர்ந்திருக்கிறது. கூட்டாளிமார் எல்லோரும் பல்சர் என்.எஸ். 200 எடு என்கிறார்கள். அம்மா ஒன்றுமே வேண்டாம் என்கிறா. என் உயரம் ஐந்து அடி நாலு அங்குலம். என்.எஸ். எடுக்கட்டா, இல்லை எஃப்.இசட்., பல்சர் 150 போதுமா?
- வாசகர், களுவாஞ்சிகுடி

பதில்: தம்பி, உங்கள் கூட்டாளிமார் அந்தப் பைக் எப்படி ஓடும் என்று சொல்லியிருப்பார்கள். எப்படி நிற்கும் என்று யாராவது சொன்னார்களா? கராஜுக்கு வருகிற பொடியன்மாரும் அப்படித்தான். எத்தனை சிசி, டொப் ஸ்பீட் எவ்வளவு என்று கேட்பார்கள். டயர் எந்த வருடத்தது என்று கேட்டவரை விரல் விட்டு எண்ணலாம்.

முதலில் லைசன்சைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். நம் நாட்டில் ஏ1 வகுப்பு 100 சிசி வரைக்கும்தான். அதற்கு மேலே ஓட ஏ வகுப்பு வேண்டும். சி.டி. 100இன் என்ஜின் 99 சிசி சொச்சம், அதனால் இதுவரை பிரச்சினை வந்திருக்காது. ஏ1 மட்டும் வைத்துக்கொண்டு 150இல் ஏறினால் லைசன்ஸ் இல்லாமல் ஓடுவதும் அதுவும் ஒன்றுதான். பொலிஸ் பிடித்தால் தண்டம் கட்டலாம். எங்காவது மோதி, இன்சூரன்ஸ்காரர் லைசன்சைக் கேட்டால் என்ன செய்வீர்கள்? அதைச் சரிபண்ணாமல் பைக் பார்க்கப் போக வேண்டாம்.

இப்போது கணக்குக்கு வருவோம். சி.டி. 100 எட்டுக் குதிரைவலுவுக்குப் பக்கம், என்.எஸ். 200 ஏறக்குறைய இருபத்துநாலு. மூன்று மடங்கு. பாரம் சி.டி. நூற்றுப் பத்துக் கிலோ அளவு, என்.எஸ். நூற்றைம்பதைத் தாண்டும். நடுவில் நிற்கிறது எஃப்.இசட். வேர்ஷன் டூ: 149 சிசி, பதின்மூன்று குதிரைவலு, 132 கிலோ. சீட் உயரம் எஃப்.இசட். 790 மில்லிமீற்றர், என்.எஸ். 805. பதினைந்து மில்லிமீற்றர் என்ன பெரிதா என்று கேட்பீர்கள். உங்கள் உயரத்துக்கு, கால் ஊன்றும்போது அந்தக் கொஞ்சமும் தெரியும். ஓடும்போது தெரியாது. வெல்லாவெளியில் கிரவல் ஒழுங்கையில், ஒரு காலுக்குக் கீழே பள்ளம் இருக்க, பின்னால் உர மூட்டையோடு நிற்கும்போது தெரியும். அப்படிச் சாய்ந்து விழுந்து கிளச் லீவர் உடைந்து வருகிற பைக்குகள்தான் என்னிடம் அதிகம். வேகத்தில் விழுந்தவை குறைவு.

உங்கள் தினசரி ரோட்டையும் பாருங்கள். களுவாஞ்சிகுடியிலிருந்து டவுனுக்கு முப்பது கிலோமீற்றருக்கு முன்பின். ஊருக்கு ஊர் முட்டிக்கொண்டு கிடக்கிற ரோடு அது. பள்ளிக்கூடம், சந்தை, கோயில், பஸ் தரிப்பு, கட்டாக்காலி மாடு. இந்த ரோட்டில் என்.எஸ்.இன் மூன்றாவது கியருக்கு மேலே உங்களுக்கு என்ன வேலை? பெரும்போக வெட்டு முடிந்து மாசி, பங்குனியில் பாதி ரோட்டில் நெல் காயும். அதன்மேல் பிரேக் பிடித்துப் பார்த்தவருக்குத் தெரியும், எந்த டயராக இருந்தாலும் அங்கே ஒன்றுதான். கல்லடிப் பாலத்தில் வாவிக் காற்று பக்கத்தால் தள்ளும். அந்த ஒரு இடத்தில் மட்டும் பாரமான பைக் நல்லது என்று ஒப்புக்கொள்கிறேன்.

வேகத்தைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். அறுபதில் போகும்போது மாட்டைக் கண்டு கை பிரேக்குக்குப் போக ஒரு விநாடி எடுத்தால், அதற்குள் பதினேழு மீற்றர் போய்விடுவீர்கள். எண்பதில் இருபத்திரண்டு. அது பிரேக் பிடிக்க முன்னாலேயே போகிற தூரம். பிடித்த பிறகு நிற்க எடுக்கும் தூரம் வேகத்தின் வர்க்கத்தோடு கூடும்: அறுபதில் எடுப்பதைப்போல எண்பதில் ஒன்றே முக்கால் மடங்குக்கு மேல். சி.டி.யில் எண்பது போனால் பைக் முழுக்கக் கத்தி, உங்களுக்கே பயம் வரும். என்.எஸ்.இல் எண்பது அமைதியாக வந்துவிடும். அது நல்ல பைக் என்பதுதான் சிக்கலே.

என் பதில்: நல்ல எஃப்.இசட்., இல்லாவிட்டால் நன்றாகப் பார்த்த பல்சர் 150. இரண்டில் எஃப்.இசட்.க்கு என் வோட்டு. பாரம் குறைவு, பின் டயர் அகலம், பெற்றோல் இஞ்செக்ஷன். மாரி மழையில் கார்புரேட்டரோடு காலையில் மல்லுக்கட்டத் தேவையில்லை. முன் சில்லுக்கு ஏ.பி.எஸ். (திடீரென்று பிரேக் பிடித்தால் சில்லு பூட்டிக்கொள்ளாமல் காக்கிற அமைப்பு) உள்ள மாடல் கிடைத்தால் கொஞ்சம் கூடக் கொடுத்தாவது எடுங்கள். ஸ்டிக்கருக்கும் அலாய்க்கும் கொடுக்கிற காசை அதற்குக் கொடுங்கள்.

அம்மாவிடமும் அந்த ஏ.பி.எஸ். பற்றிச் சொல்லுங்கள். புதுப் பைக் என்றால் அவவுக்கு வேகம் என்று மட்டும்தான் காதில் விழுந்திருக்கும்.

எடுத்த பிறகு இரண்டு பழக்கம் மாற வேண்டும். ஒன்று கியர். சி.டி.யில் எல்லாக் கியரும் ஒரே பக்கமாகத்தான் விழும். எஃப்.இசட்.இலும் பல்சரிலும் முதல் கியர் கீழே, மற்றவை மேலே. அவசரத்தில் கால் பழைய பழக்கத்துக்குப் போகும். கூட்ட நினைத்துக் குறைத்தால் பின் சில்லு இழுத்துக்கொள்ளும். அடுத்தது முன் பிரேக். டிரம் பிரேக்கோடு வளர்ந்தவர்கள் காலால்தான் நிறுத்துவார்கள். ஆனால் பிரேக் பிடிக்கும்போது பாரம் முழுக்க முன்னுக்குப் போகிறது, பின் சில்லு லேசாகிவிடுகிறது, அதை அமத்த அமத்த வழுக்கும். நிறுத்துகிற வேலையில் பெரும்பகுதி முன் டிஸ்க்குடையது. வெடுக்கென்று பிடிக்கக் கூடாது, பிழிந்து கூட்ட வேண்டும். ஆளில்லாத காலை நேரமாகப் பார்த்து, நேரான காய்ந்த ரோட்டில் முப்பதிலிருந்து, பிறகு நாற்பதிலிருந்து நிறுத்திப் பழகுங்கள். மணலிலும் நெல்லிலும் மட்டும் முன் பிரேக்கை மெதுவாகத் தொடுங்கள்.

கேள்வி: ஹொண்டா ஹோர்னெட் 250, நாலு சிலிண்டர், ஒருவர் தருவதாகச் சொல்கிறார். சத்தம் கேட்டதிலிருந்து நித்திரை இல்லை. ஓபன் பேப்பர், அதனால் விலை குறைவு என்கிறார். இப்போது எஃப்.இசட். ஓடுகிறேன். எடுக்கலாமா?
- வாசகர், அக்கரைப்பற்று

பதில்: அந்தச் சத்தம் எனக்கும் பிடிக்கும், அதை மறைக்கவில்லை. 250 சிசிக்குள் நாலு சிலிண்டரை அடக்கி, நாற்பது குதிரைவலு எடுத்திருக்கிறான் ஜப்பான்காரன். ஆனால் அது 1996இல் வந்த மாடல். நாலு கார்புரேட்டர். நாலையும் ஒரே அளவில் ரியூன் பண்ணத் தெரிந்த கை நம் பக்கத்தில் மிகக் குறைவு. சாமானுக்குக் கொழும்புக்கு ஆள் விட வேண்டும், அங்கேயும் பெரும்பாலும் கழற்றின பழைய சாமான்தான். வேலைக்குப் போக இதுதான் ஒரே பைக் என்றால் வேண்டாம். வீட்டில் வேறொன்று நிற்க, இது ஆசைக்கு என்றால் அது உங்கள் காசு.

ஓபன் பேப்பர், அதாவது விற்பவர் பெயருக்கு மாற்றாமலே கைமாறுகிற பைக், அந்த விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். பதிவுப் புத்தகத்தில் யாரோ ஒருவரின் பெயர் கிடக்கும், அவர் எங்கே என்று விற்பவருக்கே தெரியாது. நாளைக்கு அந்தப் பெயரில் ஒரு வழக்கு இருந்தால் ரோட்டில் நிற்பது நீங்கள். புத்தகத்தில் முழு உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் கம்பனி பெயர் இருந்தால் கடன் இன்னும் முடியவில்லை என்று அர்த்தம். செஸி நம்பரையும் என்ஜின் நம்பரையும் உங்கள் கண்ணால், டோர்ச் அடித்து, புத்தகத்தோடு எழுத்து எழுத்தாக ஒத்துப் பாருங்கள். தட்டித் திருத்திய எழுத்து வரிசை விலகி நிற்கும். பெயர் மாற்றித் தந்தால்தான் மீதிக் காசு என்று சொல்லுங்கள். முகம் சுளித்தால் தேநீரைக் குடித்துவிட்டு வந்துவிடுங்கள்.

பொதுவாக இன்னொன்று. 2020இல் வாகன இறக்குமதி நின்று, 2025 தொடக்கம் வரை புது வாகனம் வரவில்லை. அந்த வருடங்களில் பழைய பைக்கெல்லாம் தங்க விலைக்குப் போனது. அந்த விலையை மனதில் வைத்துக்கொண்டு இன்றைக்கும் கேட்பவர்கள் இருக்கிறார்கள். பழையதைப் பேச முன் ஷோரூமில் புதியதின் விலையைக் கேட்டுவிட்டுப் போங்கள்.

உங்கள் பக்கத்தில் வாங்குவதானால் வெள்ளத்தையும் மறக்க வேண்டாம். 2024 கார்த்திகையில் அம்பாறை மாவட்டம் எப்படிக் கிடந்தது என்று உங்களுக்குத் தெரியும். தண்ணியில் நின்ற பைக்கைக் கழுவிப் பொலிஷ் போட்டால் வெளியில் தெரியாது. ஹெட்லைட்டின் உள்ளே சேற்றுக் கறை, சீட்டைக் கழற்றினால் வயர் சொக்கெட்டுகளில் பச்சை பூத்திருப்பது, இவை பொய் சொல்லாது. கரையோரத்தில் நின்றதென்றால் கடற்காற்று சைலன்சரின் அடிப்பக்கத்தைத் தின்றிருக்கும். குனிந்து பாருங்கள்.

கேள்வி: அண்ணா, நான் ஆசிரியை. படுவான்கரைப் பாடசாலைக்கு டியோவில் போகிறேன். பள்ளங்களில் கை நோகிறது, மழைக்காலத்தில் கிரவலில் வழுக்குகிறது. பெரிய ஸ்கூட்டர் எடுப்பதா, கியர் பைக் பழகுவதா? சாறி உடுத்துத்தான் போக வேண்டும்.
- வாசகி, கொக்கட்டிச்சோலை

பதில்: டீச்சர், உங்கள் கை நோவுக்குக் காரணம் என்ஜின் சிறியது என்பது இல்லை, சில்லு சிறியது. பழைய டியோவுக்கு இரண்டும் பத்து அங்குலம். அதே பள்ளத்தில் சின்னச் சில்லு இறங்கி ஏறும், பெரிய சில்லு மேலால் கடந்துவிடும். டி.வி.எஸ். என்டோர்க் 125க்கு இரண்டும் பன்னிரண்டு அங்குலம், டயரும் அகலம். டியோவைவிடப் பத்துக் கிலோவுக்கு மேல் பாரம் கூட, அதனால் நடு ஸ்டாண்டில் போட்டு, தள்ளிப் பார்த்துவிட்டு எடுங்கள். கியர் பைக்கின் பதினேழு அங்குலச் சில்லு கிரவலுக்கு இன்னும் நல்லது. ஆனால் சாறியோடு டாங்கிக்கு மேலால் கால் போடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஸ்கூட்டரிலேயே நில்லுங்கள்.

புதிது எடுக்க முன் டியோவின் டயரைப் பாருங்கள். கோடு தேய்ந்த டயரில் கிரவலில் வழுக்காமல் என்ன செய்யும்? காற்றும் அளவுக்கு மேல் இருக்கலாம். கடையில் அடிக்கிற பையன் காற்றளவு காட்டும் மணிக்கூட்டைப் பார்க்காமல் அடிப்பான், ஸ்கூட்டரோடு வந்த கைநூலில் உள்ள அளவைச் சொல்லி அடியுங்கள். இரண்டு புது டயரோடு ஒரு மாரியை ஓட்டிவிட்டுக்கூட நீங்கள் முடிவெடுக்கலாம். என் வியாபாரத்துக்கு இது நல்ல பதில் இல்லை.

கேள்வி: என்.எஸ். 200 லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடும்?
- வாசகர், ஓட்டமாவடி

பதில்: முப்பத்தைந்து ஓடினால் சந்தோசப்படுங்கள். இந்தக் கேள்வி மனதில் இருக்கிறவர் சி.டி.யை விட்டுக் கொடுக்காதிருப்பது நல்லது. அது அறுபதைத் தாண்டும். 2022 பெற்றோல் தட்டுப்பாட்டில் கியூ.ஆர். கோட்டுக்கு வாரம் நாலு லீற்றர் கிடைத்தபோது என்.எஸ். வைத்திருந்தவர்கள் சைக்கிளில் போனதை நான் பார்த்தேன்.

கேள்வி: புதிதாக பல்சர் 150 எடுத்துவிட்டேன். சத்தம் போதாது, சைலன்சர் மாற்ற எவ்வளவு?
- வாசகர், ஏறாவூர்

பதில்: என்னிடம் செய்வதில்லை.

கேள்வி: இரண்டாவது பைக் எடுக்கப் போகிறேன். பழைய சி.டி. 100ஐ விற்று அந்தக் காசையும் போடவா, வீட்டில் வைத்திருக்கவா?
- வாசகர், தம்பிலுவில்

பதில்: வயல், தோட்டம், மீன் வாங்க என்று வேலை இருந்தால் விற்க வேண்டாம். உப்புத் தண்ணி சொட்டுகிற பெட்டியைப் புதுப் பைக்கில் கட்ட உங்களுக்கு மனம் வராது. சி.டி.க்கு எப்போதும் ஆள் இருக்கிறது, ஒரு வருடம் கழித்து விற்றாலும் விலை பெரிதாக இறங்காது. புதியதை லீசிங்கில் எடுப்பதானால் மட்டும் கணக்கு வேறு: விற்ற காசை முதலில் கட்டிக் கடனைக் குறைப்பதுதான் லாபம்.

வைத்திருப்பதென்றால் இரண்டுக்கும் வருமான அனுமதிப்பத்திரம், இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ் எல்லாம் வருடா வருடம் கட்ட வேண்டும் என்பதையும் எண்ணிக்கொள்ளுங்கள். கிழமைக்கு ஒரு தரமாவது ஓட்டுங்கள். மூலையில் நிறுத்திவைத்தால் கார்புரேட்டரில் பெற்றோல் பிசினாகும், டாங்கியில் துரு பிடிக்கும், பிறகு கழுவித் தரச் சொல்லி என்னிடம்தான் தள்ளிக்கொண்டு வருவீர்கள்.