ஆப்பிரிக்க இசையைப் பல்கலைக்கழகத்தில் படிக்க: கேள்வி பதில்

கேள்வி: மேடம், இசையியலில் சேர்வதா, இன இசையியலில் சேர்வதா?

பதில்: எழுத்தில் உள்ள இசை, அதன் வரலாறு, இசையமைப்பாளர்கள் என்றால் இசையியல். வாசிப்பவர்களிடமே போய்க் கற்று, பதிவு செய்து, அதை வைத்து ஆய்வு எழுத ஆசை என்றால் இன இசையியல். பின்னதற்கு இசையறிவோடு மானிடவியலும் ஒரு மொழியும் வேண்டும். பல துறைகள் இரண்டையும் சேர்த்தே கற்றுத்தருகின்றன. பட்டத்தின் பெயரை விட ஆசிரியர்கள் யார், வகுப்பில் வாத்தியம் கையில் தருவார்களா என்று விசாரியுங்கள்.

கேள்வி: ஆப்பிரிக்க இசை படிக்க எங்கே விண்ணப்பிக்கலாம்?

பதில்: விண்ணப்பத்தில் "ஆப்பிரிக்க இசை" என்று மொட்டையாக எழுதாதீர்கள். ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் உள்ள கண்டம் அது. கானாவின் ஏவே மக்களின் மேளமா, உகாண்டாவின் அமடிண்டா என்ற மரக்கட்டை வாத்தியமா, ஜிம்பாப்வேயில் கட்டைவிரலால் மீட்டும் எம்பிராவா என்று ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இடம் அதிலிருந்தே தெளிவாகும். மேற்கு ஆப்பிரிக்காவுக்கு அக்ராவின் லெகோனில் உள்ள கானா பல்கலைக்கழகம். கானாவின் இசை அறிஞர் க்வாபெனா என்கெட்டியா ஆய்வு மரபை வளர்த்த இடம் அது. உகாண்டாவுக்குக் கம்பாலாவின் மகெரெரே. ஒலிப்பதிவுகளை வைத்து ஆய்வு செய்ய, தென்னாப்பிரிக்காவின் ரோட்ஸ் பல்கலைக்கழகத்தில் உள்ள பன்னாட்டு ஆப்பிரிக்க இசை நூலகம். ஆப்பிரிக்க இசையை ஊர் ஊராகப் பதிவு செய்த ஹியூ ட்ரேசி 1954-இல் நிறுவியது; 1978 முதல் அங்கே இருக்கிறது.

கேள்வி: எனக்கு மிருதங்கம் தெரியும். ஏவே மேளத்துக்கு உதவுமா அக்கா?

பதில்: திஸ்ர நடை, அதாவது மும்மூன்று மாத்திரையாகப் போகும் நடை, கையில் இருப்பது பெரிய பலம். அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டி. ரங்கநாதன் மிருதங்கமும் கானாவின் ஆபிரகாம் அட்ஜென்யா மேளமும் ஒரே துறையில் கற்றுத்தந்தார்கள். சிக்கல் வேறிடத்தில் வரும். அக்பட்ஜா என்ற ஏவே ஆட்டத்தில் முதலில் உங்களுக்குத் தருவது ககன் என்னும் சிறு மேளம். ஒவ்வொரு காலடிக்கும் மூன்று மாத்திரை. முதல் மாத்திரையை விட்டுவிட்டு இரண்டாவதிலும் மூன்றாவதிலும் அடிக்க வேண்டும். கடைசிவரை அவ்வளவுதான். தனி ஆவர்த்தனம் பழகிய கை அங்கே சும்மா இருக்காது, எதையாவது சேர்க்கும். சேர்க்கவே கூடாது. மாற்றி வாசிப்பது தலைமை மேளமான சோகோவின் வேலை. ககன் அசையாமல் நின்றால்தான் சோகோ என்ன சொல்கிறது என்பது கேட்கும்.

கேள்வி: ஏவே மேளத்தோடு அடிக்கும் மணியின் தாளம் பிடிபடவே இல்லை. ஒவ்வொரு முறையும் எங்கோ நழுவுகிறது.

பதில்: எல்லோருக்கும் நழுவும் இடம் இதுதான், அதனால் விரிவாகச் சொல்கிறேன். கங்கோகுயி என்ற இரட்டை மணியின் சுற்றில் 12 மாத்திரை. அடி விழுவது 1, 3, 5, 6, 8, 10, 12-இல். கால் விழுவது 1, 4, 7, 10-இல். இரண்டும் சேருவது 1-இலும் 10-இலும் மட்டுமே. நடுவில் 4, 7 இரண்டிலும் கால் தனியாக விழ வேண்டும். அங்கேதான் கால் மணியின் பின்னால் ஓடிப்போய் 3, 5 என்று விழ ஆரம்பிக்கிறது.

மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 ஒலி என்று வைத்து, ஒவ்வொரு ஒலிக்கும் ஒரு காலடி எடுத்து நடங்கள். ஒரு சுற்றுக்கு நான்கு விநாடி. கால் தானாக நடக்கும்வரை மணியைத் தொடாதீர்கள். பிறகு 10, 12, 1 என்ற மூன்று அடிகளை மட்டும் சேருங்கள். அது கையில் நிலைத்த பின் 3, 5, 6, கடைசியில் 8. உட்கார்ந்து பயிற்சி செய்தால் வராது, இது ஆட்டத்தோடு பிறந்த தாளம். தாளில் எழுதிப் பார்ப்பதும் ஆரம்பத்தில் கெடுதல்தான்: கண் மணியை மட்டும் படிக்கும், காலை மறந்துவிடும்.

கேள்வி: அமடிண்டாவை ட்யூனர் செயலியில் பார்த்தால் எல்லாக் கட்டையும் சுருதி விலகிக் காட்டுகிறது. வாத்தியம் கெட்டுவிட்டதா?

பதில்: இல்லை. செயலி 100 சென்ட் அரைச்சுரங்களில் அளக்கிறது. சென்ட் என்பது சுருதி இடைவெளியின் அளவு; ஸ முதல் மேல் ஸ வரை உள்ள ஒரு எண்மம் 1200 சென்ட். இந்த மரபில் ஒரு எண்மத்தை ஏறக்குறைய ஐந்து சமமான பங்காகப் பிரிக்கிறார்கள். ஒரு பங்கு 240 சென்டுக்கு அருகில் வரும். அதிர்வெண்ணை ஹெர்ட்ஸில் எடுத்துக் கணக்கிடுங்கள்: இரண்டின் விகிதத்துக்கு 2-ஐ அடியாகக் கொண்ட மடக்கை, பெருக்கல் 1200. 300, 345 ஹெர்ட்ஸ் என்றால் 242 சென்ட். ஒரே கட்டையைப் பல முறை தட்டிச் சராசரி எடுக்கவும்.

கேள்வி: களப்பதிவுக்கு என்ன அமைப்பு வைக்கலாம் சார்?

பதில்: மேடம்தான் பதில் சொல்கிறேன், பரவாயில்லை. வேவ் கோப்பு, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்ட வேண்டாம். ஒலி அளவைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் ஆட்டோ கெயினை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் மணி அடிக்கும்போதெல்லாம் பாட்டு அமுங்கி அமுங்கி எழும். மைக் பாடுபவர்கள் பக்கம் இருக்கட்டும், மணியிலிருந்து தள்ளி. ஒவ்வொரு கோப்பின் தொடக்கத்திலும் நாள், ஊர், மொழி, வாசிப்பவர்கள், ஆட்டத்தின் பெயர் ஆகியவற்றை வாயால் சொல்லிவிடுங்கள்.

ஒவ்வொரு பகுதியும் தனியாக வேண்டும் என்றால், மத்திய ஆப்பிரிக்கக் குடியரசில் இன இசையியலாளர் சிம்ஹா அரோம் கையாண்ட முறை இருக்கிறது. முதலில் குழு முழுவதையும் பதியுங்கள். பிறகு அதை ஹெட்ஃபோனில் கேட்டபடி ஒருவர் தன் பகுதியை மட்டும் வாசிக்கட்டும். வெறுமனே தனியாக வாசிக்கச் சொன்னால், பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாமல் பாதியில் நிறுத்திவிடுவார்கள்.

கேள்வி: பதிவுகள் யாருக்குச் சொந்தம்?

பதில்: பதிவுக்கு முன்பே பேசி முடிவு செய்யுங்கள்: எதை வெளியிடலாம், எது சடங்குக்கு மட்டும், கூலி எவ்வளவு, பிரதி யாரிடம் இருக்கும். ட்ரேசி 1950-இல் கென்யாவின் கிப்சிகிஸ் மக்களிடம் எடுத்த பதிவுகள் அந்த ஊர்களுக்குத் திரும்பிப் போக அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அதற்குள் பாடியவர்களில் பலர் இல்லை. நீங்கள் ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே, அவர்கள் போனிலேயே கேட்கும்படி எம்பி3 பிரதி ஒன்றைக் கொடுத்துவிடுங்கள்.