பரவிய புற்றுநோய்க்கு நெஞ்சுச் சுவரில் அறுவைச் சிகிச்சை தேவையா?

கேள்வி: ஐந்து ஆண்டுகளுக்கு முன் மார்பகப் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சையும் கதிர்வீச்சும் பெற்ற என் அக்காவுக்கு (வயது 52) இப்போது மார்பெலும்பில் கட்டி வந்திருக்கிறது. அதே நோய்தான் பரவியிருக்கிறது என்று பயாப்சியில் தெரிந்தது. மார்பெலும்பின் ஒரு பகுதியையும் சில விலா எலும்புகளையும் எடுத்துவிட்டு வலை பொருத்தலாம் என்கிறார்கள். பரவிய நோய்க்கு இது தேவையா? எலும்பை எடுத்தபின் எப்படி மூச்சு விடுவார்?

பதில்: பரவிய புற்றுநோயில் கத்தி வைத்துப் பயனில்லை என்று நீங்கள் தயங்குவதில் நியாயம் இருக்கிறது; நோய் பல உறுப்புகளில் இருக்கும்போது மருந்துகளே முதன்மைச் சிகிச்சை. ஆனால் சிலருக்கு அது மார்பெலும்பில் மட்டும் தனிக் கட்டியாக நின்றுவிடுவதுண்டு. உடல் முழுவதும் புற்றுநோயைத் தேடும் பெட் சி.டி. ஸ்கேனில் வேறெங்கும் நோய் தென்படாமல், மருந்துக்குக் கட்டுப்பட்டு, இதயமும் நுரையீரலும் மயக்க மருந்தைத் தாங்கும் நிலையில் இருந்தால், கட்டியை முழுமையாக எடுப்பது கருதத்தக்க வழியே. எனவே கட்டி அங்கே மட்டும்தானா என்பதை முதலில் கேளுங்கள். புதிய பயாப்சியில் ஹார்மோன் ஏற்பியையும் ஹெர்-2வையும் (எந்த மருந்து பலிக்கும் என்று காட்டும், புற்றுநோய் செல்களில் உள்ள புரதங்கள்) மறுபடி பார்த்தார்களா என்றும் கேளுங்கள். பழைய கட்டியில் இருந்தது இதில் மாறியிருக்கலாம், அப்போது மருந்தும் மாறும்.

மூச்சைப் பற்றிய உங்கள் அச்சம்தான் இந்தச் சிகிச்சையின் மையம். நெஞ்சுக்கூட்டில் பெரிய திறப்பை அப்படியே விட்டால், மூச்சை இழுக்கும்போது விரிய வேண்டிய இடம் உள்ளே குழியும். இருமல் வலுவிழந்து, சளி தேங்கி, நிமோனியா வரும். 5 செ.மீ.க்குக் குறைந்த திறப்பைப் பெரும்பாலும் தசையே தாங்கிக்கொள்ளும். தோள்பட்டை எலும்பின் மறைவில் இருந்தால் 10 செ.மீ. வரைகூட விட்டுவைப்பதுண்டு. இதயத்துக்கு நேர் முன்னால் இருக்கும் மார்பெலும்புக்கு அப்படி ஒரு மறைவு கிடையாது. அதனால் இரண்டு பாலிப்ரொப்பிலீன் (ஒருவகைப் பிளாஸ்டிக்) வலைகளுக்கு நடுவே எலும்பு சிமெண்டைப் பரப்பி, அது இறுகுவதற்குள் நெஞ்சின் வளைவுக்கு ஏற்ப வளைத்துத் தைக்கிறார்கள். அல்லது டைட்டானியம் பட்டைகளால் இருபக்க விலா எலும்புகளையும் இணைக்கிறார்கள்.

உங்கள் அக்காவின் விஷயத்தில் எனக்குக் கவலை தருவது எலும்பை விடத் தோல்தான். கதிர்வீச்சு பட்ட தோலில் இரத்த ஓட்டம் குறைந்திருக்கும். அதை மட்டும் இழுத்துத் தைத்தால் காயம் பிரியக்கூடும், உள்ளே இருக்கும் வலையில் கிருமித் தொற்று ஏற்பட்டால் அதையே எடுக்க நேரிடலாம். ஆகவே முதுகுத் தசையையோ வயிற்றுத் தசையையோ அதன் இரத்தக் குழாயோடு திருப்பிக் கொண்டுவந்து மேலே மூட வேண்டியிருக்கும். பிளாஸ்டிக் சர்ஜன் அறுவைக்கு முன்பே அவரைப் பார்த்து இதைத் திட்டமிட்டிருக்க வேண்டும்.

அறுவைக்குப் பின் சில நாள் நெஞ்சில் குழாய் இருக்கும். வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சு விடுவதே அப்போது பெரிய ஆபத்து. ஒரு தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஆழமாக இருமச் சொல்லுங்கள், வலியை மறைக்காமல் சொல்லி மருந்து கேட்கச் சொல்லுங்கள். காயம் ஆறியதும் புற்றுநோய் மருந்துகளைத் தொடர வேண்டும். கண்ணுக்குத் தெரியாத செல்களுக்கு அவைதான் சிகிச்சை.